கேட்டுக்கு வெளியே நின்ற தேர்

மகள் மதம் மாறிக்கொண்டிருக்கிறாள் என்று சேகரனுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் தலைவர் வீரமுத்து ஏணி மேல் நின்று தேருக்குக் கலர் பல்பு மாட்டிக்கொண்டே சொன்ன சொல்லில் அந்தச் சந்தேகம் தீர்ந்துபோனது.

"சேகரா, உம்மவ வாராவாரம் ஞாயித்துக்கெழம அந்த விஜயரட்ணம் சார் வீட்டுக்குப் போறாளாமே. அவங்க சர்ச்சுக்காரங்கல்ல?"

ஏணியைப் பிடித்திருந்த சேகரனின் கை ஒரு கணம் தளர்ந்தது.

"ஏய், புடிலா. என்னைக் கீழ தள்ளிட்டு நீ தலைவராயிடலாம்னு பாக்கறியா?" வீரமுத்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நான் சொல்லல, ஊர் சொல்லுது. வர்ற வெள்ளிக்கெழம தேரு மொதல்ல உன் வீட்டு வாசல்லதான் நிக்கப்போகுது. பத்து வருஷமா உம்மவதான் தட்டு ஏந்துறா. இந்த வருஷம் ஏந்தலன்னா நாலு பேரு கேப்பான். நான் என்னா பதில் சொல்ல?"

சேகரன் முதுகில் மாரியம்மன் இருந்தாள். ஆடித் திருவிழாவுக்கென்று வருடா வருடம் அடிக்கும் மஞ்சள் சட்டை. பின்னால் அம்மன் படம், முன்னால் 'நிர்வாகக் குழு'. மெர்லிமாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரமாக இருக்கும் அந்தக் கோயிலுக்கு அவன் செயலாளர். வாரம் முழுக்க குருபோங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சட்டையைப் போடும்போதுதான் முதுகு நிமிரும்.

மகள் திவ்யதர்ஷினிக்குப் பதினாறு வயது. பள்ளியில் படிவம் நான்கு. வீட்டில் கூப்பிடுவது தர்ஷினி.

இரண்டு மாதமாக அவளை அவன் துப்பறிந்துகொண்டிருந்தான். நெற்றியில் விபூதி வைத்தால், திரும்பி நடக்கும்போதே துடைத்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமை அவன் மனைவி பவானி சாம்பிராணி போட ஆரம்பித்தால் இவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள்; புகை அடங்கும் வரை தண்ணீர் ஓடுகிறது. கோயில் பொங்கலைத் தொடுவதில்லை. பள்ளியிலிருந்து கோயில் வழியாக வந்தால் ஐந்து நிமிடம். மகாராணி பாசார் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறாள். போன வாரம் உச்சக்கட்டம். பவானி பின்னாலிருந்து தூபக்காலை நீட்ட, தர்ஷினி அதைத் தட்டிவிட்டாள். தணல் விழுந்து தரையோடு போட்டிருந்த பாய் கருகியது. கேட்டதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. முறைத்துக்கொண்டே போய் கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். அது இன்னொரு விசித்திரம். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அந்தப் பூட்டை இழுத்துப் பார்ப்பாளோ.

விபூதி ஆகாது, சாம்பிராணி ஆகாது, பிரசாதம் ஆகாது, ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சுக்காரர் வீடு. துப்பறிகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

போன வருடம் ஆடியில் வீட்டில் நடந்ததை அவன் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது முடிந்துபோன விஷயம். அவனும் பவானியும் வேலையிலிருந்து திரும்பியபோது கேட்டு திறந்து கிடந்தது, பீரோ திறந்து கிடந்தது, சமையலறைத் தரையில் தர்ஷினி கிடந்தாள். கைகளை ஃபோன் சார்ஜர் வயரால் கட்டியிருந்தார்கள். தாலிக்கொடி முதல் தோடு வரை போயிற்று. போலீஸ் வந்தது. மூன்று பேர், முகத்தை மூடியிருந்தார்கள், கேட்டைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். எழுதிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்கு வேற ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டபோது பவானி விறுவிறுவென்று வெளியே வந்தாள். "நகை மட்டும்தான். அம்மா புண்ணியத்துல ஒரு கீறல் இல்ல" என்று வாசலிலேயே நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். உண்மையும் அதுதான். அன்று இரவே புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்: பொம்பளப் பிள்ளை விஷயம், இனி இந்த வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. கூடாது என்றால் கூடாது. புதுப் பூட்டு வாங்கினார்கள். பேச்சுக்கும் சேர்த்து ஒரு பூட்டு.

"நியாலாஸ்ல இருக்கற எந்தங்கச்சிகிட்ட பேசிட்டேன்" என்று வீட்டுக்கு வந்ததும் சேகரன் பவானியிடம் சொன்னான். "அடுத்த மாசமே அங்க பள்ளிக்கூடத்துக்கு மாத்திடறோம். அந்த விஜயரட்ணம் மக அஞ்சனா சகவாசம் இன்னியோட கட்."

"அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை, இப்பப் போய் பள்ளி மாத்துனா..."

"சாமியே வேணாங்கறவளுக்கு எஸ்.பி.எம். என்னாத்துக்கு?"

"அவ ராத்திரியில தூங்குறதே இல்லங்க. லைட்டு எரிஞ்சுக்கிட்டே கெடக்கு."

"பைபிள் படிக்கறா போல" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பது. சட்டையை மாற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

விஜயரட்ணம் வீடு அடுத்த தாமான் குடியிருப்பில். அவன் மோட்டாரை நிறுத்துவதற்குள் உள்ளே ஒரு நாய், கேட்டைத் தின்றுவிடுவதுபோல் குரைத்தது. வெளியே வந்தவர் விஜயரட்ணத்தின் மனைவி சந்திராதேவி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்; எல்லாரும் கூப்பிடுவது மிஸ்ஸி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறை மலாயாவில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"ஜிம்மி, சும்மா இரு. ஆர், தர்ஷினியின்ர அப்பாவோ? வாங்கோ, வாங்கோ."

"எம்மவ எங்க?"

"உள்ளுக்குத்தான். கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, பிள்ளை நித்திரை."

"ஜெபம் முடிஞ்சு நித்திரையா?"

சந்திராதேவி அவனை ஒரு கணம் பார்த்தார். கோபப்படவில்லை. "நாங்கள் வெள்ளெனவே சர்ச்சுக்குப் போட்டு வந்திட்டம். அவ அதுக்குப் பிறகுதான் வாறவ. வந்தா படுப்பா. எழும்பினா சோறு சாப்பிடுவா. பேந்து வீட்டுக்குப் போயிடுவா. வேற ஒண்டும் இல்லை."

"தூங்கறதுக்கா? இங்க வந்தா?"

கிரில் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். அஞ்சனா தரையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டின் மேல் விரலை வைத்தாள். சோபாவில் தர்ஷினி. வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தொங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அவன் தோளில் தூங்கியதுபோல் தூங்கினாள். காலில் மட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூ. நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. எழுந்த நொடியில் ஓடுகிறவள்தான் அப்படித் தூங்குவாள்.

பைபிளைக் காணோம். ஜெபத்தைக் காணோம். அவன் துப்பறிந்ததெல்லாம் அந்தச் சோபாவின் முன்னால் பல்லிளித்தது.

"வீட்ல கட்டிலு இருக்கு, மெத்த இருக்கு" என்றான். குரல் தானாகவே இறங்கியிருந்தது. "ஏன் மிஸ்ஸி இங்க?"

"நானும் கேட்டனான். அதுக்கு அவ சொன்னா, 'உங்க வீட்ல நாய் இருக்கு ஆண்டி, யாராச்சும் கேட்டுக்கு வந்தா அது பாத்துக்கும். நான் முழிச்சிருக்க வேணாம்' எண்டு. அதுக்கு மேல கேட்டா வாய் திறக்கமாட்டா. ரெண்டு கிழமையா நானே உங்களிட்ட வரவேணும் எண்டு நினைச்சன். பிள்ளைதான் வேண்டாம் வேண்டாம் எண்டு கையைப் பிடிச்சவ."

எழுப்பி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சேகரன் உள்ளே போனான். காலை பூஜையின் சூடமும் சாம்பிராணியும் அவன் உடம்பெல்லாம் மணத்தன. சோபா பக்கத்தில் குனிந்தான். "தர்ஷினி" என்றான்.

கண்ணைத் திறந்தாள்.

அவள் கத்தியிருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை. கத்தவில்லை. சோபாவிலிருந்து தரைக்கு வழுக்கி, பின்னாலேயே நகர்ந்து, சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து முன்னால் நீட்டினாள், கட்டுவதற்கு வாகாக.

"பீரோவுலதாண்ணே இருக்கு" என்றாள். மெல்லிய, மரியாதையான குரல். "எல்லாத்தையும் எடுத்துக்குங்க. லைட்ட மட்டும் அமத்தாதீங்கண்ணே."

பெற்ற அப்பனை அண்ணே என்றாள்.

"அடியே, அப்பாடி, அப்பா..." அவன் இன்னும் ஒரு அடி வைத்தான். அவள் கைகள் இன்னும் மேலே நீண்டன.

சந்திராதேவி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "கிட்டப் போகாதேங்கோ. அவ உங்கட முகத்தைப் பாக்கேல்லை. சட்டையைத்தான் பாக்கிறா. வெளியில வாங்கோ."

சட்டை. சேகரன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். மஞ்சள்.

அவன் மண்டைக்குள் வயர் ஒன்று இன்னொன்றைத் தொட்டது. போன ஆடி. தட்டும் விபூதியுமாக மஞ்சள் சட்டைக்காரர்கள் வீடு வீடாகத் திருவிழா வசூலுக்குப் போன மாதம்.

வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய் இருந்தது. சட்டையைக் கழற்றி மோட்டார் பெட்டிக்குள் திணித்தான். பனியனோடு உட்கார்ந்து முகம், கழுத்து, கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினான். நெற்றி விபூதியை அழுத்தித் துடைத்தான். மகளை எதற்காக இரண்டு மாதமாகத் திட்டினானோ அதை. நாய்கூட அவனை விசாரிக்க வராமல் தள்ளிப் படுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து தர்ஷினி வாசற்படிக்கு வந்தாள். அஞ்சனா அவள் தோளில் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் இடம்.

"நான்தான்ப்பா கேட்டத் தொறந்தேன்" என்றாள்.

குறுக்கே கேட்டால் அவள் பேச்சு நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

"பூட்ட மறக்கல. பூட்டித்தான் இருந்துச்சு. கோயில்லேருந்து வர்றோம் தங்கச்சின்னாங்க. நம்ம சட்ட. தட்டுல சூடம் எரிஞ்சிக்கிட்டிருந்திச்சு. மூஞ்செல்லாம் மூடல, அது நான் சும்மா சொன்னது. ஒரு அண்ணன் எனக்கு விபூதி பூசிவிட்டான்ப்பா. பூசிட்டு அதே கையால வாயப் பொத்துனான்." அவள் மூச்சு வாங்கினாள். "கோயில் ஆளுங்கள வாசல்ல நிக்க வைக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லுவீங்கள்ல. அதான் தொறந்தேன்."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க கோயிலுக்கே போகமாட்டீங்க. உங்களுக்கு அது மட்டும்தான இருக்கு." பிறகு, கோபமில்லாமல், "நீங்களும் கேக்கலல்ல" என்றாள். "பூட்டு, நகை, எல்லாத்தையும் கேட்டீங்க. ஒரு கீறல் இல்லன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. அதுக்கப்புறம் நான் என்னான்னு சொல்றது?"

சேகரன் ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறவனைப் பார்க்காமல் இருக்க அஞ்சனா நாயைக் கொஞ்சப் போனாள்.

சந்திராதேவி இரண்டு கோப்பை தே ஓ, பாலில்லாத தேநீர், கொண்டுவந்து வைத்தார்.

"பைத்தியம் கியித்தியம்னு ஆயிடுமா மிஸ்ஸி?"

"விசர் இல்லை, ஒண்டும் இல்லை. காயம். நீங்கள் எல்லாரும் பாத்து, தோல் கிழியேல்லை எண்டு விட்டிட்டீங்கள். இதுக்கெண்டே எங்கட ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்கிறா. இந்த வயசுப் பிள்ளையள் எத்தினை பேர் வருகினம் தெரியுமோ? ஆறும். ஆனா கெதியா ஆறச்சொல்லி ஆரும் நெருக்கக்கூடாது."

அன்று மாலை சேகரன் நியாலாஸுக்கு ஃபோன் போட்டு, பள்ளி மாற்றும் பேச்சை விடச் சொன்னான். பவானியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'ஒரு கீறல் இல்ல' என்று வாசலில் நின்று சொன்ன வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து, தூபக்காலைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டாள். சாமி மேடையில் பூவும் எண்ணெய் விளக்கும் மட்டும் மிஞ்சின. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்த்தார்கள். மலாய்ப் பெண். தர்ஷினியோடு தனியாகப் பேசினார். வெளியே வந்த தர்ஷினி என்ன பேசினோம் என்று சொல்லவில்லை. செண்டோல் வேண்டும் என்றாள். அவள் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பவானி யோசித்துப் பார்த்தாள். மூவரும் ரோட்டோரமாக நின்று குடித்தார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. தேரும்.

வீரமுத்துவிடம் சேகரன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். "அண்ணே, இந்த வருஷம் எங்க வீட்டு வாசல்ல நிக்க வேணாம்." காரணத்தைச் சொல்லவில்லை. அது தர்ஷினியின் சொத்து. அவள் சொல்லச் சொல்லாமல் அவன் எடுத்துக் கொடுக்கமுடியாது. காரணம் கேட்டு, கிடைக்காமல், வீரமுத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அஞ்சனா வீட்டுக்குப் போயிடறியாம்மா?" என்று வெள்ளி மாலை பவானி கேட்டாள்.

"நம்ம வீட்லயே இருக்கேன்." தர்ஷினி யோசித்தாள். "ஆனா சாவி என்கிட்டத்தான் இருக்கணும்."

சேகரன் கேட்டுக்கு வெளியே வந்தான். தொழிற்சாலையின் நீலச் சட்டை. கம்பி வழியாகச் சாவியை நீட்டினான். அவள் உள்ளே நின்று பூட்டி, இழுத்துப் பார்த்து, ஜன்னல் திரைக்குப் பின்னால் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் உருமி கேட்டது. கலர் பல்பும் மாலையுமாகத் தேர் திரும்பியது. முன்னால் மஞ்சள் சட்டைகள், நாற்பது ஐம்பது இருக்கும். தட்டுகளில் சூடம். வீரமுத்து நடுவில். தேர் மெதுவாக வந்தது. சேகரன் வீட்டு வாசலை நெருங்கியதும் இன்னும் மெதுவானது. பத்து வருடப் பழக்கம், அவர் சைகை காட்டாமலேயே தேரை இழுக்கும் டிராக்டர்காரன் பிரேக் போட்டுவிடுவான்.

சேகரன் நடுரோட்டுக்கு நடந்தான். இரண்டு கையையும் விரித்தான்.

"போகச் சொல்லுங்கண்ணே."

"என்னா சேகரா, குடிச்சிருக்கியா?"

"இல்லண்ணே. தேரு நேராப் போவட்டும்."

உருமிக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே அடித்தார்கள். யாரோ ஒருவன், "செயலாளரும் அல்லேலூயாவாயிட்டாருடா" என்றான். பின்னால் சிரிப்பு.

வீரமுத்து கிட்ட வந்தார். சிரிக்கவில்லை. "அம்மாவ வாசல்ல நிறுத்தி வச்சு கேட்டப் பூட்டிக்கிட்டு நிக்கற. நாளைக்கு நான் எப்புடி ஊர் மூஞ்சில முழிக்கிறது? ஒரு காரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. சொல்லிட்டா நான் போயிட்டே இருக்கேன்."

சேகரனால் சொல்லமுடியவில்லை. சூடப் புகை காற்றில் திரும்பி ஜன்னல் பக்கமாக நகர்வதைப் பார்த்தான். செயலாளர் பதவி, பத்து வருட மரியாதை எல்லாம் இந்த ரோட்டிலேயே போகட்டும் என்று முடிவு செய்துகொண்டு, விரித்த கையை அப்படியே வைத்திருந்தான்.

திரை அசைந்தது. உருமிக்கு நடுவிலும் அந்தக் குரல் அவனுக்குக் கேட்டது. நடுங்கியது, ஆனால் கேட்டது.

"அப்பா. அவருகிட்ட சொல்லுங்க. பரவால்ல."

சேகரன் வீரமுத்துவின் காதருகே குனிந்தான். நாலைந்து வாக்கியம்தான். கேட்கக் கேட்க அந்தப் பெரிய மனிதரின் கண் ஜன்னலுக்குப் போனது, பூட்டுக்குப் போனது, கடைசியில் தன் நெஞ்சிலேயே வந்து நின்றது.

"இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

வீரமுத்து தட்டில் எரிந்த சூடத்தை வெறும் கையால் அமுக்கி அணைத்தார். திரும்பி, கையை உயர்த்தினார். உருமி ஒவ்வொன்றாக நின்றது. "எல்லாத் தட்டையும் அமத்துங்கடா. மஞ்சச் சட்டையெல்லாம் தேருக்குப் பின்னால போ. ஏன் எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கக்கூடாது." அல்லேலூயாக்காரனைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

தேர் சத்தமில்லாமல் போனது. டிராக்டர் எஞ்சினும், பல்புகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் மட்டும் முனகின. மாரியம்மன் அந்த ஒரு வீட்டைத் தாண்டும்போது மட்டும் புகையில்லாமல், மேளமில்லாமல், பூவோடு போனாள். ஜன்னல் திரை ஒரு கையகலத்துக்கு விலகியிருந்ததைச் சேகரன் பார்த்தான். அவள் கும்பிட்டாளா, வெறுமனே பார்த்தாளா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவன் துப்பறியவும் இல்லை.

தெரு காலியானது. அவன் கேட்டுக்கு வெளியே பக்கவாட்டில் இருந்த குழாயில் கைகால் முகம் கழுவினான். சட்டையை முகர்ந்து பார்த்தான். வியர்வைதான். பிறகு கேட்டு முன்னால், விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றான்.

"தர்ஷினி, அப்பாம்மா."

உள்ளே எந்த அசைவும் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டான். எதிர்வீட்டுக்காரன், சொந்த வீட்டுப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்பவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனான். பார்க்கட்டும். அவளுக்கு எப்போது முடிகிறதோ அப்போது.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஷூ போட்ட கால்கள் மெல்ல வந்தன. அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு நாய் வாங்கலாமாப்பா?"

"நாளைக்கே போவம்."

அவள் சாவியைப் பூட்டுக்குள் விட்டாள்.